66 ஆண்டுகள் கழித்து வந்த டிஸ்சார்ஜ் காகிதம்

பெரியப்பா பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் காலனியில் அவர் வீட்டுக்கு இன்றைக்கும் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்றுதான் பெயர். கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி வைத்திருக்கிறார். மூடியில் அவருடைய நம்பரும் ரேங்க்கும் பெயரும் வெள்ளை பெயின்டில் எழுதியிருக்கும். உள்ளே அந்துருண்டை வாசனையோடு டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் உத்தரவு, மெடல்கள். சின்ன வயதில் அந்தப் பெட்டியைத் தொட்டாலே எங்களுக்கு அடி விழும். இப்போது அவரே அதை வெளியே இழுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டு அனுப்புகிறார்.

சிக்கல் ஒரே ஒரு எழுத்து. ராணுவப் பதிவேட்டில் பெரியம்மாவின் பெயர் ஒரு மாதிரி இருக்கிறது, ஆதார் அட்டையில் வேறு மாதிரி இருக்கிறது. அந்தக் காலத்தில் இவர் தமிழில் சொல்ல, தமிழ் தெரியாத ஒரு கிளார்க் தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷம் அது யாருக்கும் தெரியவில்லை. பென்ஷன் கணக்கைக் கணினிக்கு மாற்றியபோதுதான் இரண்டும் பொருந்தவில்லை என்று வந்தது. பெரியப்பாவுக்கு 80 வயது தாண்டிவிட்டது. நாளைக்கு அவர் இல்லையென்றால், பதிவேட்டில் உள்ள பெண்மணி நான்தான் என்று பெரியம்மா நிரூபித்தாக வேண்டும். கையெழுத்துப் போடவே தெரியாதவர் அவர்.

மூன்று வருஷமாக மனு போய்க்கொண்டிருக்கிறது. "நீ தமிழ்ல எம்.ஏ. படிச்சவன்தான, ஒரு மனு எழுத மாட்டியா?" என்பார். அந்த மனு ஆங்கிலத்தில் எழுத வேண்டியது என்று சொன்னால், "அப்புறம் எதுக்குப் படிச்ச?" என்று கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம், ஒரு மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று நொந்துபோய் உட்கார்ந்திருந்தார். "ஏம்ப்பா, ஒரு எழுத்தத் திருத்த மூணு வருஷமா?" என்றார். அவரைத் தேற்றுவதற்காக அல்ல, எனக்கே ஏதாவது பேச வேண்டும்போல் இருந்ததால், அமெரிக்காவில் ஒரு பட்டாளத்துக்காரர் தன் பதிவேட்டைத் திருத்த 66 ஆண்டுகள் காத்திருந்த கதையைச் சொன்னேன். அவர் பெயர் டார்ஸி வில்லிஸ். அன்று திண்ணையில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு அந்த நாட்டு ராணுவத்தில் கறுப்பினத்தவருக்கென்று தனிப் படைப்பிரிவுகள் ஏற்படுத்தப்பட்டன. கடைசியில் நான்கு நிலைத்தன. குதிரைப்படையில் இரண்டு, காலாட்படையில் 24-ஆவது, 25-ஆவது என்று இரண்டு. வீரர்கள் கறுப்பர்கள். அவர்களுக்கு மேலே அதிகாரிகள் வெள்ளையர்கள். அடிமை முறையிலிருந்து வெளியே வந்த மக்களுக்குச் சீருடை என்பது சம்பளம் மட்டுமல்ல. தெருவில் நிமிர்ந்து நடக்க ஒரு வழி. நம் பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போய் லீவில் யூனிஃபார்மோடு ஊருக்குள் நடந்து வந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த நடை சிலருக்குப் பொறுக்காது என்பதையும் விளக்க வேண்டியதில்லை.

1906 ஜூலை கடைசியில் 25-ஆவது காலாட்படையின் மூன்று கம்பெனிகள் டெக்சாஸ் மாநிலத்தின் ப்ரவுன்ஸ்வில் என்ற ஊருக்கு அனுப்பப்பட்டன. மெக்சிகோ எல்லையில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். ஊரை ஒட்டியே கோட்டை. அதுவரை அங்கே வெள்ளையர் படைதான் இருந்தது. கறுப்பர் படை வருகிறது என்றதுமே ஊர் முகம் சுளித்தது. மதுக்கடைகளில் இவர்களுக்கு இடமில்லை. நடைபாதையில் வெள்ளைக்காரப் பெண்களுக்கு ஒதுங்கி வழிவிடவில்லை என்று சொல்லி, ஒரு வீரரைச் சுங்கத்துறைக்காரர் ஒருவர் துப்பாக்கிக் கட்டையால் அடித்து வீழ்த்தினார். ஆகஸ்ட் 12 அன்று ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கறுப்பினச் சிப்பாய் தாக்கினான் என்று ஒரு வதந்தி கிளம்பியது. ஊரே கொதித்தது. மறுநாள் மாலை படைத்தலைவர் மேஜர் பென்ரோஸ் தன் வீரர்கள் அனைவரையும் கோட்டைக்குள் திரும்பச் சொல்லி உத்தரவிட்டார்.

அன்று நள்ளிரவை ஒட்டி ஊருக்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. சுமார் பத்து நிமிடம். மதுக்கடை ஊழியர் ஒருவர் இறந்தார். ஒரு போலீஸ் அதிகாரிக்கு ஒரு கை போயிற்று.

சிப்பாய்கள்தான் சுட்டார்கள் என்றது ஊர். இருட்டில் பார்த்தோம் என்றார்கள். விடிந்ததும் தெருவில் கிடந்த காலித் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கிக் காட்டினார்கள், அவை ராணுவத் துப்பாக்கியின் தோட்டாக்கள். ஆனால் கோட்டைக்குள் நிலைமை வேறு. துப்பாக்கிச் சத்தம் கேட்டவுடன் அணிவகுக்கச் செய்து பெயர் கூப்பிட்டபோது வீரர்கள் இருந்தார்கள். காலையில் துப்பாக்கிகளைச் சோதித்தார்கள், சுட்டதற்கான அறிகுறி இல்லை. தோட்டாக்களை எண்ணினார்கள், குறையவில்லை. 12 வீரர்களைப் பெயர் சொல்லிப் பிடித்தார்கள். உள்ளூர் நடுவர் குழு, அதுவும் அந்த ஊர்க்காரர்கள் அடங்கிய குழு, ஒருவர் மீதும் குற்றம் சாட்டப் போதுமான ஆதாரம் இல்லையென்று கைவிட்டது.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

ராணுவத்தின் தலைமை ஆய்வாளர் வந்தார். யார் சுட்டது, சொல்லுங்கள், சொல்லாவிட்டால் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவோம் என்றார். யாரும் எதுவும் சொல்லவில்லை. இவர்கள் கூட்டாகச் சேர்ந்து மறைக்கிறார்கள் என்று அவர் முடிவு கட்டினார். சுட்டவன் யார் என்று தெரியாததே எல்லோருக்கும் எதிரான சாட்சியாகிவிட்டது. 1906 நவம்பர் 5-ஆம் தேதி ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் உத்தரவு. 167 வீரர்கள் பணியிலிருந்து நீக்கம். உத்தரவு உடனே வெளியே வரவில்லை. மறுநாள் நாடாளுமன்றத் தேர்தல், கறுப்பின மக்களின் ஓட்டு ரூஸ்வெல்ட்டின் கட்சிக்குத் தேவைப்பட்டது. வாக்குப்பதிவு முடிந்த பிறகே அறிவித்தார்கள். அடுத்த மாதம், டிசம்பர் 10-ஆம் தேதி, அதே ரூஸ்வெல்ட்டுக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது.

இந்த இடத்தில் பெரியப்பா குறுக்கிட்டார். "இது நம்ம காலனி கதையால்ல இருக்கு" என்றார்.

உண்மைதான். ஊரில் மோட்டார் களவு போனால், கோயில் உண்டியல் உடைந்தால், ஜீப் நேராக எங்கே வந்து நிற்கும் என்று நமக்குத் தெரியும். அந்தத் தெரு இளைஞர்களை வரிசையாக நிற்க வைத்து, "எவன்டா, சொல்லுங்கடா" என்று கேட்பதும், தெரியாதென்றால் "எல்லாரும் கூட்டு" என்பதும் நாம் பார்த்ததுதான். தெரியாததை எப்படிச் சொல்வது என்று யாரும் கேட்பதில்லை. டார்ஸி வில்லிஸும் முதிய வயதில் பத்திரிகைக்காரர்களிடம் இதையேதான் சொன்னார். நாங்கள் எதையும் சொல்லவில்லை, ஏனென்றால் சொல்வதற்கு எங்களிடம் எதுவும் இல்லை என்று.

காகிதத்தில் என்ன எழுதினார்கள்?

மாணவர்கள் இதைக் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும், ஏனென்றால் அநியாயம் முழுதும் இந்த ஒரு சொல்லில்தான் அடங்கியிருக்கிறது. ஒரு சிப்பாய் வெளியே வரும்போது அன்றைய அமெரிக்க ராணுவம் மூன்றில் ஒரு வகையாக அவர் காகிதத்தில் எழுதும். ஒழுங்காக வேலை செய்து முடித்தவருக்குக் கௌரவமான டிஸ்சார்ஜ். ராணுவ நீதிமன்றம் விசாரித்துக் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னவருக்கு அவமானகரமான டிஸ்சார்ஜ். இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு, 'கௌரவம் இல்லாத டிஸ்சார்ஜ்'. இதற்கு விசாரணை வேண்டாம், தீர்ப்பு வேண்டாம். மேலிடம் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

ரூஸ்வெல்ட் எடுத்தது அந்த மூன்றாவது வழியை. நீதிமன்றத்துக்குப் போனால் சாட்சி வேண்டும், குறுக்கு விசாரணை வேண்டும், ஆள் யார் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொருவரையும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும். இங்கே அதெல்லாம் இல்லை. தண்டனையே கொடுக்கவில்லை, வேலையிலிருந்து மட்டும்தான் அனுப்பினோம் என்று சொல்லிக்கொள்ளலாம். தீர்ப்பே இல்லாததால் மேல்முறையீடு என்ற பேச்சுக்கும் இடமில்லை. ஆனால் விளைவு என்ன? மறுபடி தரைப்படையிலோ கடற்படையிலோ சேர முடியாது. அரசாங்கத்தில் சிவில் வேலையும் கிடையாது. பென்ஷன் கிடையாது. 167 பேரில் பென்ஷனுக்குச் சில மாதங்களே, சில வருஷங்களே பாக்கி இருந்த கிழட்டுச் சிப்பாய்களும் இருந்தார்கள்.

மிங்கோ சாண்டர்ஸ் என்ற சார்ஜன்ட்டுக்கு 26 ஆண்டு சர்வீஸ். கியூபாவில் போரிட்டவர், பிலிப்பைன்ஸில் போரிட்டவர். 1898-இல் கியூபாப் போரின்போது ரூஸ்வெல்ட்டின் குதிரைப்படைக்குச் சாப்பாடு வராமல் தவித்த வேளையில், ரூஸ்வெல்ட்டே வந்து கேட்க, தன் கம்பெனியின் ரொட்டியைப் பங்கிட்டுக் கொடுத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். அந்த ரொட்டியைத் தின்ற படைக்குத் தலைவராக இருந்தவர்தான் எட்டு வருஷம் கழித்து இவர் காகிதத்தில் 'கௌரவம் இல்லை' என்று எழுதினார். சாண்டர்ஸ் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மனுப் போட்டார். மறுத்துவிட்டார்கள்.

எல்லோரும் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒஹையோ மாநிலத்துச் செனட்டர் ஜோசஃப் ஃபோரேக்கர் வெள்ளைக்காரர், ரூஸ்வெல்ட்டின் சொந்தக் கட்சிக்காரர், தானே ஜனாதிபதியாகும் ஆசை உள்ளவர். கிடைத்த ஆதாரங்களைப் படித்துப் பார்த்துவிட்டு ஜனாதிபதியையே எதிர்த்து நின்றார். தெருவில் கிடந்த தோட்டாக் கூடுகள் அன்றிரவு சுடப்பட்டவை அல்ல, இவர்கள் முன்பு இருந்த நெப்ராஸ்கா கோட்டையில் பயிற்சியின்போது சுட்டவை, பெட்டியோடு வந்த அந்தக் கூடுகளை யாரோ எடுத்துத் தெருவில் போட்டிருக்கிறார்கள் என்று வாதாடினார். 1907-இலும் 1908-இலும் செனட் குழு விசாரணை நடத்தியது. சாட்சியங்கள் ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு ஓடின. பெரும்பான்மை ரூஸ்வெல்ட் பக்கம் நின்றது. ஃபோரேக்கரின் அரசியல் வாழ்வு அதோடு அஸ்தமித்தது. 1909-இல் வாஷிங்டன் நகரத்துக் கறுப்பின மக்கள் ஒரு தேவாலயத்தில் கூடி அவருக்கு வெள்ளிக் கோப்பை கொடுத்து நன்றி சொன்னார்கள்.

பிறகு ஒரு விசாரணை மன்றம் வைத்து, 14 பேரை மட்டும் மறுபடி சேரத் தகுதியுள்ளவர்கள் என்றார்கள். அந்த 14 பேர் ஏன், மற்ற 153 பேர் ஏன் இல்லை என்பதற்கு விளக்கம் தரவில்லை. ரூஸ்வெல்ட் 1913-இல் தன் சுயசரிதையை எழுதினார். கியூபா இருக்கிறது, வேட்டை இருக்கிறது. ப்ரவுன்ஸ்வில் இல்லை.

வில்லிஸுக்கு அந்த 14-இல் இடமில்லை. மிசிசிப்பியில் பிறந்தவர், 1905 தொடக்கத்தில் படையில் சேர்ந்தவர். நீக்கப்பட்டபோது வயது 20. பிற்பாடு மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸ் நகரத்துக்குப் போனார். அங்கே ஒரு முடிதிருத்தகத்தில் தரை கூட்டுவதும் வருகிறவர்களின் ஷூவுக்குப் பாலிஷ் போடுவதும் வேலை. ஒன்றிரண்டு வருஷம் அல்ல, ஏறக்குறைய 60 ஆண்டுகள். அந்த டிஸ்சார்ஜ்தான் தன்னை மேலே வரவிடாமல் செய்தது என்று கடைசிக் காலத்தில் சொன்னார். குனிந்து ஷூ துடைக்கிற இந்த மனிதர் ஒரு காலத்தில் அமெரிக்க ராணுவத்தின் சிப்பாய் என்பது அங்கே காலை நீட்டிய எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

இது அமெரிக்காவில் மட்டும் நடந்ததா என்று கேட்டால், இல்லை. ஒரு சமூகத்தின் பட்டாளப் பதிவையே ஒரு கையெழுத்தில் அழித்த கதை நம்மிடமும் இருக்கிறது. பிரிட்டிஷ்காரர்களின் பம்பாய்ப் படையில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் மகர்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'போர்க்குணம் உள்ள இனம், இல்லாத இனம்' என்று ஒரு கோட்பாட்டைக் கிளப்பி, 1892 வாக்கில் மகர்களைப் படையில் எடுப்பதை நிறுத்தினார்கள். நம் பக்கத்து மெட்ராஸ் படையின் காலாட்படையையும் அதே கோட்பாட்டைச் சொல்லித்தான் வெட்டிச் சுருக்கினார்கள். ஓய்வுபெற்ற ஹவில்தார் கோபால் பாபா வாலங்கர் 1894-இல் இதற்கு எதிராக மனு எழுதினார். 1910-இல் சிவ்ராம் ஜான்பா காம்ப்ளே இங்கிலாந்தில் இருந்த அமைச்சருக்கே மனு அனுப்பினார். முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது 1917-இல் ஒரு மகர் படை அமைத்தார்கள், தேவை முடிந்ததும் 1921-இல் கலைத்தார்கள். மகர் ரெஜிமென்ட் வருவதற்கு 1941 ஆயிற்று. அம்பேத்கர் பிறந்ததே மோவ் ராணுவ முகாமில்தான். அவருடைய தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார், ராணுவப் பள்ளியில் தலைமையாசிரியர். அந்தக் கதவு ஒரு தலைமுறை முன்னதாக மூடப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

ப்ரவுன்ஸ்வில்லுக்குத் திரும்புவோம். 1970-இல் ஜான் வீவர் என்ற எழுத்தாளர் பழைய சாட்சியங்களைத் தோண்டியெடுத்து இந்த வழக்கைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இவர்கள் குற்றமற்றவர்கள் என்பது அவர் வாதம். கலிஃபோர்னியாவிலிருந்து தேர்வான முதல் கறுப்பின எம்.பி. அகஸ்டஸ் ஹாக்கின்ஸ் அதைப் படித்தார். 1971-இல் நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். 167 பேரின் பதிவேட்டையும் திருத்த வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

1972 செப்டம்பரில் ராணுவமே இறங்கி வந்தது. செய்தது கூட்டுத் தண்டனைதான் என்று ஒப்புக்கொண்டது. 167 பேரின் பதிவேட்டிலும் 'கௌரவம் இல்லாத' என்பதை எடுத்துவிட்டுக் 'கௌரவமான டிஸ்சார்ஜ்' என்று மாற்ற உத்தரவு போட்டது. (அதே 1972-இல்தான் பம்பாயில் அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரைப் பார்த்து நம் இளைஞர்கள் தலித் பேந்தர்ஸ் தொடங்கினார்கள்.) ஆனால் சம்பளப் பாக்கி, பென்ஷன் எதுவும் கிடையாது என்று அந்த உத்தரவிலேயே சேர்த்திருந்தார்கள். திருத்திய காகிதத்தை யாருக்குக் கொடுப்பது என்று தேடிப் பார்த்தால், மறுசேர்க்கை கிடைக்காத 153 பேரில் உயிரோடு மிஞ்சியவர் ஒருவர். ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த டார்ஸி வில்லிஸ்.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பதிவேட்டைத் திருத்த அங்கே வழியே இல்லாமல் இருக்கவில்லை. 1946-இல் சட்டம் போட்டு, ராணுவப் பதிவேடுகளில் உள்ள பிழையையும் அநீதியையும் திருத்துவதற்கென்றே தனி வாரியம் அமைத்துவிட்டார்கள். வீரரே விண்ணப்பிக்கலாம், அவர் இறந்திருந்தால் குடும்பத்தார் விண்ணப்பிக்கலாம். வாரியம் வந்து 26 வருஷம் கழித்துத்தான், அதுவும் ஒரு புத்தகம் வந்து, ஒரு கறுப்பின எம்.பி. அதைப் படித்த பிறகுதான், இந்த 167 பேருக்கு விடிந்தது. சட்டம் புத்தகத்தில் இருப்பது வேறு, ஷூ துடைக்கிற மனிதரின் கைக்கு அது வந்து சேர்வது வேறு.

பணத்துக்காக ஹாக்கின்ஸ் மறுபடி போராட வேண்டியிருந்தது. 1973 கடைசியில் சட்டம் வந்தது. உயிரோடிருக்கும் வீரருக்கு 25,000 டாலர், மறுமணம் செய்யாத விதவைக்கு 10,000 டாலர். 1974 தொடக்கத்தில் வில்லிஸ் கைக்குப் பணம் வந்தது. அந்த 25,000 டாலரை, அவர் நீக்கப்பட்டதிலிருந்து கடந்த நாட்களால் வகுத்துப் பார்த்தேன். நாளொன்றுக்கு ஒரு டாலர் வருகிறது.

இன்னும் இரண்டு செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். 1917-இல் ஹூஸ்டன் நகரத்தில் நடந்த கலவரத்துக்காக 24-ஆவது காலாட்படையின் கறுப்பின வீரர்கள் 110 பேரை ராணுவ நீதிமன்றம் தண்டித்தது. 19 பேரைத் தூக்கிலிட்டது. அந்தத் தீர்ப்புகளை ராணுவம் ரத்து செய்தது 2023 நவம்பரில். 1944-இல் போர்ட் சிகாகோ துறைமுகத்தில் வெடிமருந்து வெடித்து 320 பேர் இறந்தார்கள், அதில் 202 பேர் கறுப்பினத்தவர். அதற்குப் பிறகு பாதுகாப்பு இல்லாமல் குண்டு ஏற்ற மாட்டோம் என்று சொன்ன 50 கறுப்பின மாலுமிகளைக் கலகக்காரர்கள் என்று தண்டித்தார்கள். கடற்படை அவர்களைக் குற்றமற்றவர்கள் என்றது 2024 ஜூலை 17 அன்று, சரியாக 80-ஆவது ஆண்டில். கேட்பதற்கு 50 பேரில் ஒருவர்கூட உயிரோடு இல்லை.

நம் கிராமங்களில் பழைய பட்டாளத்துக்காரர்கள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. பெட்டியைத் திறந்து டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பென்ஷன் உத்தரவையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவர் சரிபார்க்கட்டும். மனைவி பெயர் தப்பாக இருந்தாலோ, இல்லவே இல்லையென்றாலோ குடும்பப் பென்ஷன் சிக்கலாகும். பிறந்த தேதி தப்பாக இருந்தால் 80 வயதில் சேர வேண்டிய 20 சதவீதக் கூடுதல் பென்ஷன் தள்ளிப்போகும். மாவட்டத் தலைநகரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. மனு அதன் வழியாக அவரவர் படைப்பிரிவின் ஆவணக் காப்பு அலுவலகத்துக்குப் போகும். அங்கே திருத்தம் பதிவான பிறகுதான் பென்ஷன் உத்தரவில் மாறும். வங்கியில் மட்டும் மாற்றினால் போதாது. பென்ஷன் இல்லாமல் பாதியில் வந்தவர்களின் பழைய ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடலாம் என்பது விதி. ஆகவே கையில் இருக்கும் காகிதம்தான் சொத்து, அதை நகலெடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். முக்கியமாக, மனைவி பெயர் திருத்தத்தைக் கணவர் உயிரோடு இருக்கும்போதே செய்துவிட வேண்டும். அவர் கையெழுத்தில் முடிகிற வேலை, அவருக்குப் பிறகு நாலு அலுவலகம் ஏறினாலும் முடிவதில்லை.

இவ்வளவையும் பெரியப்பாவிடம் சொல்லவில்லை, அவருக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் கேட்டது வேறு.

"அந்தக் காயிதத்த எப்பிடிக் குடுத்தாங்க? தபால்லயா?"

தபாலில் இல்லை என்றேன். 1973 பிப்ரவரி 11 அன்று, வில்லிஸின் 87-ஆவது பிறந்தநாளில், மினியாபொலிஸில் அவருடைய தேவாலயத்துக்கு ஒரு மேஜர் ஜெனரல் நேரில் வந்து, ஊர் மக்கள் பார்க்கக் கையில் கொடுத்தார். நான்கு வருஷம் கழித்து வில்லிஸ் இறந்தபோது ஸ்நெல்லிங் கோட்டையில் உள்ள ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

"ஜெனரலே வந்தாரா" என்றார் பெரியப்பா. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு திருப்பி அனுப்பப்பட்ட மனுவை மடிப்பு நீவி என்னிடம் கொடுத்தார்.

"தேதிய மாத்தி மறுபடி எழுது. நாளைக்கு ஆறு மணி பஸ்ஸுக்குப் போறேன்."